நரி, எலி, அப்புறம் நான்

முன்குறிப்பு: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற பழக்கம் உள்ளவங்க, சாப்பாட்டை முடிச்சுக் கையைக் கழுவிட்டு வாங்க. புழு, கல்லீரல், நரி விட்டை எல்லாம் கீழே வருது. அப்புறம் பின்னூட்டத்துல வந்து திட்டப்படாது.

2023 ஆகஸ்ட் மாசம், சூரிக். ஆன்சைட்னு அனுப்பி வச்சு ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. வாரம் முழுக்க ஆணி பிடுங்கிட்டு, சனிக்கிழமை ஆனா தங்கமணியும் நானும் ஏதாவது ஒரு மலையைப் பார்த்துக் கிளம்பிடுவோம். இந்த ஊர்ல காசு கேக்காத ஒரே பொழுதுபோக்கு நடக்கறதுதான். அந்த வாரம் போனது ஊட்லிபெர்க். ஊரை ஒட்டியே இருக்கற சின்ன மலை. உச்சி வரைக்கும் ரயில் போகும். ஆனா நாங்க வீரமா நடந்தே ஏறினோம்.

பாதி வழியில முள்ளுப் புதர். அதுல கொத்துக் கொத்தா கறுப்புப் பழம். நம்ம ஊர் முசுக்கொட்டைப் பழம் மாதிரியே இருந்துச்சு. இங்க பிளாக்பெர்ரி. கடையில ஒரு சின்ன டப்பா வாங்கினாலே நாலு ஃபிராங்குக்குக் குறையாது. தங்கமணி கணக்குப் போட ஆரம்பிச்சாச்சு. "ஏங்க, சும்மா தொங்குது, யாரும் பறிக்கக் காணோம். வாங்க"ன்னாங்க. அருப்புக்கோட்டைப் பக்கம் புளியங்காட்டுல வளர்ந்தவனுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா? ரெண்டு கை நிறையப் பறிச்சு, சட்டையில துடைச்சு, வாய்க்குள்ள. மேல இருந்த கொத்து முடிஞ்சதும் குனிஞ்சு கீழ இருந்ததையும் விடல.

திங்கட்கிழமை காபி மெஷின் பக்கத்துல நின்னு இந்த வீரப் பிரதாபத்தை அளந்துக்கிட்டு இருந்தேன். எங்க டீம்ல ஒரு சுவிஸ் பெரியவர் உண்டு, ரிட்டையர் ஆக ரெண்டு மூணு வருஷம்தான் பாக்கி. அவர் காபியைக் கீழ வச்சிட்டுக் கேட்டாரு:

"எந்த உயரத்துல பறிச்சீங்க?"

"எழுநூறு மீட்டர் இருக்கும்"னேன், பெருமையா.

அவர் சிரிக்கல. குனிஞ்சு தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாரு. "இதுக்கு மேலயா, கீழயா?"

அப்பத்தான் அந்தப் பேரை முதல் தடவையா கேட்டேன். ஃபுக்ஸ்பாண்ட்வுர்ம். தமிழ்ல நரி நாடாப்புழு. முழங்காலுக்குக் கீழ இருக்கற காட்டுப் பழத்தைக் கழுவாமத் தின்னக் கூடாதுன்னு இந்த ஊர் அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைங்களுக்குச் சொல்லி வளர்ப்பாங்களாம். "எங்க பாட்டி சொல்லிச்சு"ன்னு சொல்லிட்டு, அவர் பாட்டுக்குக் காபியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நான் சீட்டுக்கு வந்து எல்லா ஜன்னலையும் மூடிட்டுத் தேட ஆரம்பிச்சேன். அன்னைக்கு முழுக்க ஒரு ஆணியும் பிடுங்கல.

தேடினதுல தெரிஞ்சது இதுதான். புழுவோட முழுப் பேரு எக்கினோகாக்கஸ் மல்டிலாக்குலாரிஸ். நாடாப்புழுன்னதும் கெஜக்கணக்குல நீளமா கற்பனை பண்ணாதீங்க. இது ரெண்டுல இருந்து நாலு மில்லிமீட்டர்தான், அரிசிக் குருணை சைஸ். நரியோட சிறுகுடல்ல குடியிருக்கும். ஒரே நரிக்குள்ள ஆயிரக்கணக்குல, சில சமயம் பத்தாயிரக்கணக்குலகூட இருக்கும். நரிக்கு ஒண்ணும் ஆகாது. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். புழு போடுற முட்டை விட்டையோட வெளிய வரும். ஒரு முட்டை மில்லிமீட்டர்ல முப்பதுல ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. ஈரமும் குளிரும் இருந்தா மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். வீட்டு ஃபிரீசர்ல போட்டாலும் சாகாது, அதுக்கு மைனஸ் 80 டிகிரி வேணும். ஆனா வெயில்ல காஞ்சாலோ அடுப்புல கொதிச்சாலோ காலி.

இந்த முட்டையைப் புல்லோட சேர்த்துத் தின்ன வேண்டியது எலி. நம்ம வீட்டு எலி இல்ல. வால் குட்டையா, காது மயிருக்குள்ள ஒளிஞ்சு, உருண்டையா இருக்கற ஒரு காட்டு எலி ஜாதி. ஆங்கிலத்துல வோல்னு சொல்லுவாங்க. சூரிக் பக்கம் இருக்கற பெரிய வகையை ஷேர்மவுஸ்ங்கறாங்க. புல்வெளி பூரா மண்ணைக் கிளறிக் குவிச்சு வச்சிருக்கும். எங்க தாத்தா பார்த்தா கிட்டி வைக்கணும்னு குதிச்சிருப்பாரு.

எலிக்குள்ள போன முட்டை பொரிஞ்சு, குடலைத் துளைச்சு, ரத்தத்தோட கல்லீரலுக்குப் போகும். அங்க சின்னச் சின்னக் குமிழா, பக்கத்துல பக்கத்துல மொட்டு விட்டுப் பெருகும். இந்த எலிங்களுக்கு ஆயுசே மாசக்கணக்குதான். அதனால புழுவுக்கு டெட்லைன் நெருக்கடி. ரெண்டு மூணு மாசத்துல வேலையை முடிச்சு, எலியோட வயித்தை வீங்க வச்சு, ஓட முடியாம ஆக்கி வச்சிருக்கும். நரி வரும், லபக். நரிக்குள்ள போன ஒரு மாசத்துல மறுபடி முட்டை. இவ்வளவுதான் சுத்து. எலிகள்ல நூத்துக்கு ஒரு சிலதுக்குத்தான் இது இருக்கும். ஆனா ஒரு நரி ஒரு நாளைக்கே பல எலி பிடிக்குதே.

இந்தச் சுத்துக்குள்ள மனுஷனுக்கு வேலையே இல்ல. நம்ம கல்லீரலை எந்த நரியும் வந்து தின்னப் போறதில்ல. ஆனா முட்டைக்கு அது தெரியாதே. எலிக்குள்ள போயிட்டோம்னு நினைச்சு அதே வேலையை ஆரம்பிக்கும், ரொம்ப மெதுவா. அஞ்சுல இருந்து பதினஞ்சு வருஷம் வரைக்கும் ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிய வரும்போது கல்லீரல்ல ஒரு பெரிய பகுதி போயிருக்கும். ஓரம் எதுன்னு தெரியாம, புத்துநோய் மாதிரியே வேர் விட்டுப் பரவும். 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மன் டாக்டர்கள் இதை ஒரு வகைப் புத்துன்னேதான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1855ல வூர்ட்ஸ்புர்க்ல இருந்த ருடால்ஃப் விர்ஷோதான் "இது கட்டி இல்லப்பா, புழு"ன்னு கண்டுபிடிச்சு சொன்னாரு. மருந்து கொடுக்காம விட்டா, நோய் தெரிஞ்ச பத்து வருஷத்துக்குள்ள நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல போயிடுவாங்க.

இதைப் படிச்சதும் எனக்கு வலது விலாவுக்குக் கீழ லேசா வலிக்க ஆரம்பிச்சது. சத்தியமா :)

சரி, இந்தப் புழு எங்கெங்க இருக்குன்னு பார்ப்போம்னு வரைபடத்தைத் தேடினேன். பயத்தை மறக்க ஆரம்பிச்ச தேடல், கொஞ்ச நாள்ல எனக்கே பைத்தியமா போச்சு. ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து ஆராய்ச்சிக் கட்டுரை படிப்பேன். தங்கமணி எழுந்து வந்து பார்த்துட்டு, "நரியா? எலியா?"ன்னு கேட்டுட்டுப் போய்ப் படுத்துக்குவாங்க.

1980கள் வரைக்கும் ஐரோப்பாவுல இது நாலு இடத்துலதான் இருக்குன்னு நினைச்சாங்க. சுவிட்சர்லாந்து, தெற்கு ஜெர்மனி, கிழக்கு ஃபிரான்ஸ், மேற்கு ஆஸ்திரியா. ஆல்ப்ஸைச் சுத்தி ஒரு சின்ன வட்டம். இப்ப அந்த வட்டம் நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், போலந்து, பால்டிக் நாடுகள்னு விரிஞ்சு கிடக்கு. 2011 ஆரம்பத்துல ஸ்வீடன்ல முதல் நரி மாட்டுச்சு. பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, நார்வேயோட பெருநிலம் எல்லாம் இன்னும் தப்பிச்சு நிக்குது. அதனாலதான் அங்க நாயைக் கூட்டிட்டுப் போனா, நுழையறதுக்கு 24 மணி நேரத்துல இருந்து 120 மணி நேரத்துக்கு முன்னாடி அதுக்குப் புழு மருந்து கொடுத்துச் சீட்டு வாங்கணும்னு சட்டம் வச்சிருக்காங்க. நமக்கு விசா, நாய்க்கு மாத்திரை.

ஏன் விரிஞ்சதுங்கறதுல ஒரு வேடிக்கை இருக்கு. முன்னாடி ஐரோப்பிய நரிங்களை வெறிநோய் கொன்னுக்கிட்டு இருந்துச்சு. 1978ல சுவிட்சர்லாந்தோட ரோன் பள்ளத்தாக்குல, கோழித் தலைக்குள்ள தடுப்பு மருந்தை வச்சுக் காட்டுல போட்டாங்க. உலகத்துலயே காட்டு மிருகங்களுக்கு வாய் வழியா அப்படி மருந்து கொடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிரமாதமா வேலை செஞ்சுது. 1999ல நாடு வெறிநோய் இல்லாத நாடாயிருச்சு. ஆனா சாகாத நரி என்ன பண்ணும்? பெருகும். 1980க்கும் 1995க்கும் நடுவுல இங்க நரிங்க நாலு மடங்காச்சு. இடம் பத்தாம ஊருக்குள்ள குடி வந்துச்சு. சூரிக் நகரத்துக்குள்ளயே நரி குட்டி போட்டு வளர்க்குது. நானே ராத்திரி டிராம் ஸ்டாப்ல ஒண்ணைப் பார்த்திருக்கேன். 90களோட கடைசியில நகரத்து நரிகளைப் பரிசோதிச்சப்போ, குளிர்காலத்துல கிட்டத்தட்டப் பாதிக்குள்ள இந்தப் புழு. அதுக்கப்புறம் மனுஷங்க கணக்கு: 1993–2000ல லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 0.10, 2001–2005ல 0.26. நரி பெருகின நேரத்தையும் நோய் பெருகின நேரத்தையும் கழிச்சுப் பாருங்க, பத்துப் பதினஞ்சு வருஷம். அந்தப் புழுவோட தூக்க நேரமும் அதேதான். ஒரு பக் ஃபிக்ஸ் பண்ணினா இன்னொரு இடத்துல உடையறதை நாம ஆபீஸ்ல மட்டும்தான் பார்க்கறோம்னு நினைச்சேன்.

இதுக்காக வெறிநோயை ஒழிச்சது தப்புன்னு சொல்ல வரல. 0.26ங்கறது நாலு லட்சம் பேருக்கு ஒருத்தர். வெறிநாய் கடிச்சவங்களைக் கண்ணால பார்த்த ஊர்க்காரன் நான்.

ஐரோப்பாவைத் தாண்டினா கதை இன்னும் சுவாரசியம். ஜப்பானுக்கு வடக்குல ரெபுன்னு ஒரு சின்னத் தீவு. அங்க எலித் தொல்லை தாங்க முடியல. 1924ல இருந்து 26க்குள்ள குரில் தீவுகள்ல இருந்து பன்னிரண்டு ஜோடி நரியைக் கொண்டு வந்து விட்டாங்க. எலியும் பிடிக்கும், தோலும் விக்கலாம்னு கணக்கு. நரியோட புழுவும் இறங்கிருச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1930களோட நடுவுல முதல் நோயாளி. அதுக்கப்புறம் நூறு பேருக்கு மேல. கடைசியில தீவுல இருந்த நரி, நாய் எல்லாத்தையும் கொன்னுதான் புழுவை ஒழிச்சாங்க. பக்கத்துல இருக்கற பெரிய தீவு ஹொக்கைடோவுல அது நடக்கல. 1960கள்ல கிழக்குக் கோடியில இருந்தது, இப்ப தீவு முழுக்க இருக்கு.

அதைவிட எனக்குப் பிடிச்சது ஸ்வால்பார்ட். நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவுல இருக்கற பனித்தீவுக் கூட்டம். அங்க இயற்கையா எலி ஜாதியே கிடையாது. இருபதாம் நூற்றாண்டுல ரஷ்யர்கள் நிலக்கரி வெட்டப் போனப்போ, மாட்டுத் தீவனத்தோட ஒரு வகைக் கிழக்கு ஐரோப்பிய எலியும் கூடவே போயிருச்சு. கிருமாண்ட்னு சொல்ற அந்தச் சுரங்க ஊரை அப்புறம் கைவிட்டுட்டாங்க. மனுஷங்க கிளம்பிட்டாங்க, எலி கிளம்பல. துருவ நரிங்க உறைஞ்ச கடல் மேல நடந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும், வரும். அதுங்க வயித்துல புழு வந்து இறங்கினப்போ, முன்னாடியெல்லாம் போட்ட முட்டை வீணாத்தான் போயிருக்கும். தின்ன ஆள் இல்லையே. இந்தத் தடவை எலி காத்துக்கிட்டு இருந்துச்சு. 1999ல ஆராய்ச்சியாளர்கள் போய் எலியை அறுத்துப் பார்த்தா, கல்லீரல்ல குமிழ். எலி எங்க இருக்கோ அங்க மட்டும்தான் புழு நிலைச்சிருக்கு.

அலாஸ்காவுல செயின்ட் லாரன்ஸ் தீவுன்னு ஒண்ணு. 1950கள்ல ராபர்ட் ராஷ், எவரெட் ஷில்லர்னு ரெண்டு பேர் அங்க இருந்த யூபிக் மக்களோட கிராமத்துல, எலி, நரி, ஸ்லெட்ஜ் நாய் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துதான் இந்தப் புழுவோட முழுச் சுத்தையும் பிடிச்சாங்க. அதே சமயத்துல ஜெர்மனியில ஹான்ஸ் ஃபோகலும். விர்ஷோ சொல்லி ஏறக்குறைய நூறு வருஷம் கழிச்சுத்தான், எலியில இருந்து நரிக்கு, நரியில இருந்து எலிக்குங்கற சங்கதி உறுதியாச்சு. இப்ப உலகத்துலயே அதிகமா அவதிப்படுறது திபெத்தியப் பீடபூமி. வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் பேருக்குப் புதுசா வருதுன்னு 2010ல ஒரு மதிப்பீடு. அதுல நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு சீனாவுல. காசில்லாத மேய்ச்சல்காரங்க, கட்டி வைக்காத நாய்ங்க. சுவிட்சர்லாந்துல ஒரு ஆளுக்கு வந்தா கட்டுரை, அங்க கிராமத்துக்கே வந்தா ஒரு புள்ளி.

இந்த மாதிரி வரைபடங்களைப் பார்க்கறப்போ ஒண்ணு கவனிச்சேன். வெள்ளையா விட்ட இடமெல்லாம் புழு இல்லாத இடம்னு அர்த்தம் இல்ல. யாராவது போய் எலியை அறுத்துப் பார்த்த இடத்துலதான் கலர் அடிச்சிருக்கு. ஸ்வீடன்காரங்க வருஷக்கணக்கா ஆயிரக்கணக்கான நரியைத் துருவித் துருவிப் பார்த்ததாலதான் முதல் ஒண்ணு கிடைச்சுது.

நிற்க. கதைக்கு வருவோம்.

அந்த விலா வலி போகவே இல்ல. அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி நிஜமாவே தாங்க முடியாம, மறுநாள் குடும்ப டாக்டர்கிட்ட போனேன். அம்பது வயசு அம்மா. நான் வாயைத் திறந்ததும் நரி, எலி, பிளாக்பெர்ரின்னு கொட்டித் தீர்த்தேன். பொறுமையா கேட்டுட்டு, "கேஸ்தான். ஆனா உங்க நிம்மதிக்கு ஒரு ஸ்கேன் பார்த்துருவோம்"னு சொல்லி ஜெல்லைத் தடவினாங்க. சிரிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்தவங்க ஒரு இடத்துல நிறுத்தினாங்க. கருவியைத் திருப்பித் திருப்பி அங்கேயே வச்சாங்க. சிரிப்பைக் காணோம்.

கல்லீரலோட வலது பக்கம் ஏதோ ஒண்ணு. நாலு சென்டிமீட்டர்.

அந்த வாரம் எப்படிப் போச்சுன்னு எழுத வரல. ரத்தம் எடுத்து அனுப்பினாங்க. முதல் பரிசோதனையில எக்கினோகாக்கஸ்க்கு எதிரான சங்கதி லேசா இருக்குன்னு வந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில அடுத்த சந்திப்பு பதினோரு நாள் கழிச்சு. நான் ஏற்கனவே எல்லாக் கட்டுரையையும் படிச்சுத் தொலைச்சிருந்தேன். 1970ல இந்த நோய் தெரிஞ்ச ஒரு சுவிஸ்காரருக்கு ஆயுசுல சராசரியா பதினெட்டு வருஷம் குறைஞ்சுது, 2005ல அது மூணரை வருஷமா சுருங்கிடுச்சு, காரணம் அல்பெண்டசோல் வகை மாத்திரையும் நல்ல ஆபரேஷனும், இதெல்லாம் மனப்பாடம். மூணரை வருஷம்னு படிக்கறப்போ நல்ல முன்னேற்றமாத்தான் இருந்துச்சு. என் மூணரை வருஷம்னு நினைக்கறப்போ அப்படி இல்ல. தங்கமணி அப்ப நாலாவது மாசம். நான் தூங்கிட்டேன்னு நினைச்சு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாங்க. பழம் பறிக்கச் சொன்னது அவங்கதானாம். நானும் தின்ன, அவங்களும் தின்ன பழம். ஆனா அவங்களுக்கு என்னைப் பத்தி மட்டும்தான் பயம்.

ஒன்பதாவது நாள் ராத்திரிதான் மண்டையில உறைச்சுது. சாதாரண டீபக்கிங். பக் எப்ப உள்ள வந்துச்சுன்னு முதல்ல பார்க்கணும் இல்லையா? ஆகஸ்ட்ல பழம் தின்னேன். அக்டோபர்ல நாலு சென்டிமீட்டர். எலிக்குள்ள வேணா அவ்வளவு வேகம் வரும், மனுஷனுக்குள்ள வராது. நான் இந்த நாட்டுக்கு வந்தே பதினாறு மாசம்தான். அப்ப இது இங்க வாங்கினதே இல்ல! எழுந்து லைட்டைப் போட்டு தங்கமணியை எழுப்பிச் சொன்னேன். அவங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு, "அப்ப வேற என்னதுங்க அது?"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. மறுபடி லைட்டை அணைச்சேன். புழு இல்லைன்னா வேற என்னவா இருக்கும்னு யோசிச்ச அந்த ரெண்டு ராத்திரிதான் முன்னைவிட மோசம்.

பெரிய ஆஸ்பத்திரியில இருந்த டாக்டர் இளைஞர். மறுபடி ஸ்கேன் பண்ணி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாரு. ஓரம் சுத்தமா வட்டமா தெரிஞ்சுது. உள்ளுக்குள்ள நூல்கண்டு மாதிரி சுருண்டு சுருண்டு ஏதோ. ஓரத்துல வெள்ளையா சுண்ணாம்பு. ரெண்டாவது ரத்தப் பரிசோதனை, நரிப் புழுவுக்குன்னே இருக்கறது, இல்லைன்னு வந்திருந்துச்சு.

அவர் கேட்ட முதல் கேள்வி: "சின்ன வயசுல வீட்டுல நாய் இருந்துச்சா?"

இருந்துச்சு. பேரு மணி.

ரெண்டாவது கேள்வி: "பக்கத்துல ஆடு?"

எங்க தாத்தா வச்சிருந்தது செம்மறி. அறுவடை முடிஞ்ச காட்டுல எருவுக்காகக் கிடை போடுவாங்க. ராத்திரி ஆட்டைச் சுத்தி வலை கட்டி, நடுவுல கயித்துக் கட்டில் போட்டுத் தாத்தா படுத்திருப்பாரு. கட்டிலுக்குக் கீழ மணி. லீவு விட்டா நானும் போயிடுவேன். குளிருக்கு மணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூக்கம். ஊர்ப் பொங்கலுக்கு ஆடு உரிக்கறப்போ, ஈரல்ல "நீர்க்கட்டி" இருந்தா அதை மட்டும் அறுத்து மணிக்கு எறிவாங்க. அது அந்தரத்துலயே கவ்வும். எத்தனை தடவை கை தட்டிச் சிரிச்சிருப்பேன்.

அந்த நீர்க்கட்டிதான். நரிப் புழுவோட அக்கா, எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். இதுக்கு நரிக்குப் பதில் நாய், எலிக்குப் பதில் ஆடு. சுத்து அதேதான். நாய் மயிர்ல முட்டை ஒட்டியிருக்கும். கட்டிப் பிடிச்சுத் தூங்கின பையன் காலையில கையைக் கழுவாம முறுக்கு தின்னுவான். எலிப் புழுவுக்கு உலக வரைபடத்துல வடக்குப் பாதிதான் சொந்தம். இது ஆடும் நாயும் போன இடமெல்லாம் போயிருக்கு. நம்ம தமிழ்நாடு, ஆந்திரா பக்கமெல்லாம் தாராளம். ஆனா இது வேர் விட்டுப் பரவாது. ஒரே பையா, தனியா உக்காந்திருக்கும். சில சமயம் தானாவே செத்துச் சுண்ணாம்பாகும். என்னுது அந்த ரகம். இருபது வருஷமா உள்ள இருந்து, எப்பவோ தானாவே அணைஞ்சு போயிருக்கு. விலா வலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். கேஸ்தான்.

"என்ன செய்யணும்?"னேன்.

"ஒண்ணும் வேணாம். வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். பார்த்துக்கிட்டு இருப்போம்"னாரு.

சுவிஸ் நரி மேல போட்ட பழியை எல்லாம் வாபஸ் வாங்கிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அதுவரைக்கும் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லல. பாதி சொல்றதுக்குள்ள அம்மா இடையில புகுந்தாங்க. "ஏந்தம்பி, மணி செத்தே பதிமூணு வருசம் ஆச்சேப்பா. அது என்ன பண்ணுச்சு பாவம்?" அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "உங்க பெரியம்மாவுக்கும் ஈரல்ல கட்டின்னு மதுரையில வயித்தைக் கிழிச்சாகள்ல. அதுவும் இதானா?" நான் அப்ப எட்டாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டு போனது மட்டும் ஞாபகம். தழும்பு நெஞ்சுக்குழியில ஆரம்பிச்சு விலா வரைக்கும் போகும். இதாத்தான் இருக்கும்மான்னேன்.

2024 சித்திரைப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம், கையில நாப்பது நாள் பொண்ணோட. கோயில் பின்னாடி கிடா உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் ஒரு பிளாஸ்டிக் வாளியோட போய்ப் பக்கத்துல நின்னேன். உரிக்கிற அண்ணன், "என்ன தம்பி, ஈரல் வேணுமா? கேட்டா குடுக்கமாட்டமா, வாளியோட வந்து நிக்கணுமா?"ன்னு சிரிச்சாரு. வேணாம்ணே, கழிச்சு விடுறதை மட்டும் இதுல போடுங்கன்னேன். ஏன்னு கேட்டாரு. நாய், முட்டை, கட்டின்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். "எங்க அப்பன் காலத்துல இருந்து நாய்க்குத்தான் போடுறோம்"னாரு. ஆனா போட்டாரு. நாலு ஆட்டுல ஒண்ணுல இருந்துச்சு, எலுமிச்சம்பழம் சைஸுல, பளபளன்னு.

காட்டுப் பக்கம் கொண்டு போய்க் குழி தோண்டினேன். ஒரு அடி போதாது, நாய் தோண்டிடும். ரெண்டு அடிக்கு மேல போகணும். சித்திரை வெயில்ல கரிசல் மண்ணு கல்லா கிடந்துச்சு. கீபோர்டு தட்டின கை, அரை மணி நேரத்துல கொப்புளம். பின்னாடி யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சேன்னு திரும்பினா, செவலை நாய் ஒண்ணு. வாலை ஆட்டிக்கிட்டு, என்னையும் வாளியையும் மாத்தி மாத்திப் பார்த்துச்சு.